சம்பளம் எந்தப் பையிலிருந்து வருகிறது?

ஒரே ஊரில், ஒரே வேலைக்கு, இரண்டு தொண்டு நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பதவியின் பெயர் திட்ட ஒருங்கிணைப்பாளர். ஒன்று மாதம் 35,000 ரூபாய் என்கிறது, மற்றது 30,000. யாருக்கும் 35,000 பக்கம்தான் கை நீளும். ஆனால் அங்கே உங்களைக் 'கன்சல்டன்ட்' என்று எழுதி எடுக்கிறார்கள். 30,000 தருகிற இடத்தில் நீங்கள் ஊழியர். இந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கன்சல்டன்ட்டுக்கு 35,000ல் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. கைக்கு வருவது 31,500. பிடித்த 3,500ஐ அடுத்த வருடம் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இந்த வருமானத்துக்கு வரி எதுவும் வராது என்பதால் முழுதும் திரும்பிவிடும், ஆனால் அதுவரை உங்கள் பணம் 42,000 ரூபாய் வெளியே கிடக்கும்.

ஊழியருக்கு 30,000ல் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பிஎஃப் பிடித்தம் போகக் கைக்கு வருவது 28,200. நிறுவனம் தன் பங்காக இன்னொரு 1,800 கட்டும். அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி பிஎஃப் கணக்குக்கும் போகும். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 8,654 ரூபாய், மாதத்துக்கு 721. எல்லாம் கூட்டினால் இந்த வேலையின் மாத மதிப்பு 32,521.

ஆக, வெறும் கூட்டல் கணக்கில் 35,000தான் இன்னும் மேலே நிற்கிறது. 'ஊழியர் என்றால் எப்போதும் லாபம்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். வித்தியாசம் மாதச் சம்பளத்தில் தெரியாது. வேலைக்குப் போக முடியாத நாள்களில்தான் தெரியும். பிஎஃப் உறுப்பினர் பணிக்காலத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இடிஎல்ஐ காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், மகப்பேறு விடுப்பு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. நம் கணக்கில் அது 1,80,000 ரூபாய். கன்சல்டன்ட்டுக்கு இரண்டும் இல்லை. மாதம் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் 1,167 ரூபாய் போகும், பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனால் அதுவும் போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்த 35,000 வருடத்தில் எத்தனை மாதம் வரும்? எட்டு மாதம்தான் என்றால் வருட வருமானம் 2,80,000. 30,000 ரூபாய் பன்னிரண்டு மாதமும் வந்தால் 3,60,000. தொண்டு நிறுவனங்களை முதலாளிகளாக ஒப்பிடும்போது, கொள்கை, புகழ், விருது எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுதான்: இந்தப் பதவிக்கான பணம் யாருடையது, எந்த மாதம் வரை இருக்கிறது. சம்பளம் தாமதமாவது, 11 மாத ஒப்பந்தம், பதவிகளின் விநோதப் பெயர்கள், மார்ச் மாதத்து அலைச்சல் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் புலம்புகிற பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இயக்குநர் நல்லவரா கெட்டவரா என்பது அதற்குப் பிறகுதான்.

சிஎஸ்ஆர் பணம்: ஏப்ரலில் வறட்சி, மார்ச்சில் வெள்ளம்

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதுதான் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணம். இன்று தமிழ்நாட்டில் கல்வி, நீர்நிலை தூர்வாருதல், திறன் பயிற்சி என்று வேலை செய்யும் நடுத்தர நிறுவனங்கள் பலவும் இந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன.

இந்தப் பணத்துக்கு ஒரு பருவம் உண்டு. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். கம்பெனியின் சிஎஸ்ஆர் குழு திட்டம் போட்டு, இயக்குநர் குழு ஒப்புதல் தந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, முதல் தவணை வங்கிக்கு வரும்போது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் ஆகியிருக்கும். மார்ச் 31க்குள் செலவழித்து யூசி, அதாவது பயன்பாட்டுச் சான்று, கொடுக்க வேண்டும். 'தொடர் திட்டம்' என்று அறிவிக்கப்படாத திட்டத்தில் மிஞ்சும் தொகையை, ஆண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளில் கம்பெனி கட்டியாக வேண்டும் என்பதால் யாரும் மிச்சம் வைக்க விடமாட்டார்கள். எனவே ஜனவரி முதல் மார்ச் வரை ஞாயிற்றுக்கிழமையும் வேலை, ஏப்ரல் முதல் ஜூலை வரை 'அடுத்த ஒப்பந்தம் வந்துவிடும்' என்ற காத்திருப்பு. அந்த நான்கு மாதச் சம்பளத்தை யார் தருகிறார்கள் என்பதில்தான் ஒரு சிஎஸ்ஆர் நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். தன் பொது நிதியிலிருந்து தந்து ஆளைத் தக்கவைக்கிற நிறுவனம் நல்ல முதலாளி. 'வேலைக்கு வாங்க, பணம் வந்ததும் சேர்த்துத் தந்துவிடுகிறோம்' என்பது, ஊழியரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குகிற நிறுவனம்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 'சிஎஸ்ஆரில் நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் அனுமதி, அதனால் உங்களுக்கு இவ்வளவுதான் சம்பளம்' என்பார்கள். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கானது. திட்டத்தை வடிவமைப்பதும் நடத்துவதும் கண்காணிப்பதும் அதில் சேராது. களப் பணியாளரின் சம்பளம் திட்டச் செலவு. பேரம் பேசத் தெரிந்த நிறுவனம் இதைக் கம்பெனியிடம் எடுத்துச் சொல்லிச் சம்பள வரிசையைச் சரியாக வாங்கிவரும். ஒப்பந்தம் கைவிட்டுப் போகுமோ என்று பயப்படுகிற நிறுவனம் அந்த 5 சதவீதத்தை அப்படியே ஊழியர் தலையில் இறக்கிவைக்கும்.

வெளிநாட்டுப் பணம்

எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010ல் புதிதாக இயற்றப்பட்டது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் இந்தத் துறையின் வேலைவாய்ப்பையே மாற்றிப் போட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு திறந்தால்தான் பணம் வாங்க முடியும் என்றானது.

20 சதவீத வரம்பு உங்கள் பதவியின் பெயர் வரை வந்து தொடும். நிர்வாகப் பணிக்கான சம்பளங்கள் அந்த வரம்புக்குள் வருகின்றன. பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர் போன்று நேரடிச் சேவை தருவோர் சம்பளம் அதில் சேராது. பயிற்சியும் ஆய்வுமே முதன்மைப் பணியாக உள்ள நிறுவனத்தில், பயிற்சி தருவோரும் களத் தரவு சேகரிப்போரும் அதில் சேரமாட்டார்கள். விளைவு, கணக்காளரும் மனிதவள அலுவலரும் ஒரே சிறிய பாயில் நெருக்கிப் படுக்க வேண்டியிருக்கிறது. நான்கு திட்டத்துக்கு ஒரே கணக்காளர். 'மானிட்டரிங் ஆபீசர்' என்று இருந்த பதவி 'பயிற்றுநர்' என்று பெயர் மாறும். பெயர் எதுவாயினும் என்ன என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் வேறு இடத்தில் அனுபவச் சான்று காட்டும்போது அந்தப் பெயர்தான் பேசும்.

பிரித்துக் கொடுக்கத் தடை வந்ததும், பெரிய நிறுவனங்களை அண்டி இருந்த சிறிய கிராமப்புற அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது. மாவட்ட அளவில் உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைத்திருந்தவை பெரும்பாலும் அவைதான்.

பதிவே போய்விடும் ஆபத்தும் உண்டு. 2020 செப்டம்பர் இறுதியில், வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் ஊழியர்களை அனுப்பிவிட்டுப் பணியை நிறுத்துவதாக ஆம்னஸ்டி இந்தியா அறிவித்தது. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவின் எஃப்சிஆர்ஏ பதிவு 2022 ஜனவரி முதல் புதுப்பிக்கப்படவில்லை. வேர்ல்ட் விஷன் இந்தியாவின் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. அந்த நடவடிக்கைகள் நியாயமா என்பது தனி விவாதம். வேலை தேடுகிறவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பதிவு இடைநிறுத்தப்பட்டால், கையிருப்பில் உள்ள வெளிநாட்டுப் பணத்தில் 25 சதவீதம் வரைதான், அதுவும் முன் அனுமதியோடு, செலவிட முடியும். சம்பளம் முழுதும் வெளிநாட்டுப் பணம் என்றால் நிறுவனத்தின் நல்ல மனது உங்களைக் காப்பாற்றாது. பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். எந்தத் தேதியோடு முடிகிறது என்று நேர்காணலில் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நன்கொடை தரும் நாட்டில் ஒரு கையெழுத்து போட்டாலும் இதே கதிதான். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபரின் உத்தரவு வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியது. ஜூலை 1ல் அந்நாட்டு அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் தனி அமைப்பாக இயங்குவதே நின்றது. பல நாடுகளில் அந்தப் பணத்தில் நடந்த திட்டங்களில் இருந்தவர்களுக்கு நோட்டீஸ் காலம் கூடக் கிடைக்கவில்லை.

அரசுத் திட்டத்தை நடத்தும் நிறுவனங்கள்

இங்கே நிறுவனத்தை ஒப்பிட்டுப் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் சம்பளத்தை நிர்ணயிப்பது நிறுவனம் அல்ல. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் இலக்குக் குழு திட்டங்களில் ஆலோசகருக்கு எவ்வளவு, களப் பணியாளருக்கு எவ்வளவு என்பதெல்லாம் மேலிருந்து வரும் வரையறை. நிறுவனம் மாறினாலும் தொகை மாறாது. ஒப்பிட வேண்டியது, தவணை தாமதமாகும்போது நிறுவனம் முன்பணம் போட்டுச் சம்பளம் தருகிறதா என்பதை மட்டும்.

திட்டம் கைமாறினால் பெயர் பலகையோடு வேலையும் போகும். 1996ல் மும்பையில் தொடங்கிய 1098 சைல்டுலைன் என்ற குழந்தைகள் உதவி எண், பல ஆண்டுகள் ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. 2023ல் அது மாவட்ட நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டு 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. இரவு பகலாகத் தொலைபேசி எடுத்தவர்களில் பலருக்கு அந்த அனுபவம் புதிய ஏற்பாட்டில் தானாக வேலையாக மாறவில்லை.

சொந்தக் கிணறு உள்ளவை

அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை போல நிறுவனரின் சொத்தே மூலநிதியாக உள்ளவை வேறு ரகம். ஏப்ரல் வறட்சி கிடையாது, யூசி பதற்றம் கிடையாது. தமிழ் பேசுபவர்களுக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் அவர்கள் பணி உண்டு. இத்தகைய இடங்களில் கஷ்டம் வேறு வடிவில் வரும். தேர்வு நீளமானது, எழுத்துத் தேர்வும் பல சுற்று நேர்காணலும் இருக்கும், இடமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கும். உங்கள் யோசனையை நிறுவனத்தின் யோசனையாக்க வருடங்கள் ஆகலாம்.

சேவையிலேயே வருமானம் ஈட்டுபவை இன்னொரு வகை. மதுரையில் 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் கட்டும் நோயாளிகளின் வருமானம் இலவச சிகிச்சையையும் சேர்த்துச் சுமக்கிறது. சம்பளம் நன்கொடையாளரின் மனநிலையைப் பொறுத்தது அல்ல. பதிலுக்கு, வேலையின் வேகம் ஆலையின் வேகம். அன்றைய எண்ணிக்கைதான் அன்றைய வேலை.

மதுரையிலேயே 1997ல் உருவான தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்கள் போன்ற கூட்டமைப்பு முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று. உங்களை வேலைக்கு வைப்பது தாய் நிறுவனமா, உறுப்பினர்களின் கூட்டமைப்பா? நியமனக் கடிதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் முதலாளி. கூட்டமைப்பில் சம்பளம் வட்டார மகளிரின் சேவைக் கட்டணத்திலிருந்து வரும், தொகை குறைவாகவும் இருக்கலாம். ஆனால் கடன் வசூல் ஒழுங்காக இருக்கும்வரை மார்ச் 31 என்பது அங்கே சாதாரண நாள்தான்.

பொதுமக்களின் சிறு நன்கொடையை நம்பும் நிறுவனங்களில் திட்டப் பிரிவு நிலையாக இருக்கும். நிதி திரட்டும் பிரிவோ விற்பனை வேலைதான். மாத இலக்கு, ஊக்கத்தொகை, கடைவீதியில் நின்று அட்டை தேய்க்க வைப்பது எல்லாம் உண்டு. பெரும்பாலும் வேறொரு ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பீர்கள். 'சமூக சேவையில் வேலை' என்று விளம்பரம் வந்தால் இது எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள்.

வெளியிலிருந்தே பார்க்க முடிகிறவை

நேர்காணலுக்குப் போகும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளக் கூடியவை உண்டு. அதில் முதலிடம் பிஎஃப் பணத்தை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் இணையதளத்துக்கு. அங்கே 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்' பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைத் தட்டித் தேடினால் விவரம் வரும். அதற்குள் 'பேமென்ட் டீட்டெயில்ஸ்' திறந்தால், ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எத்தனை ஊழியருக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று வரிசையாக நிற்கும். கடைசி 24 மாதத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம். எப்போதும் 12, 13, 14ல் வந்திருந்தால் கணக்குப் பிரிவு ஒழுங்கு. மூன்று மாதத்தை ஒரே நாளில் மொத்தமாகக் கட்டியிருந்தால், அந்த மூன்று மாதம் சம்பளமும் அப்படித்தான் வந்திருக்கும் என்று சந்தேகப்படலாம். எண்ணிக்கையையும் பாருங்கள். மார்ச்சில் 62 பேர், மே மாதம் 41, அக்டோபரில் மறுபடி 60 என்றிருந்தால், இடையில் போன 21 பேரில் ஒருவருடைய நாற்காலியைத்தான் உங்களுக்குத் தரப்போகிறார்கள்.

நிறுவனத்தின் பெயரே அங்கே வராமல் இருக்கலாம். பிஎஃப் 20 பேராவது உள்ள இடத்துக்குத்தான் கட்டாயம், இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீடு 10 பேராவது உள்ள இடத்துக்கு. ஆனால் தன் இணையதளத்தில் '150 அர்ப்பணிப்புள்ள பணியாளர்கள்' என்று போட்டுவிட்டு இபிஎஃப்ஓவில் 18 பேரைக் காட்டினால், மீதி 132 பேர் பெரும்பாலும் மதிப்பூதியக்காரர்களும் கன்சல்டன்ட்களுமாக இருக்கலாம்.

அடுத்தது தணிக்கை அறிக்கை. வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனம் தன் தணிக்கைக் கணக்கைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். 8ஆம் பிரிவுக் கம்பெனியாக, அதாவது லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவானது என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். டிரஸ்ட், சொசைட்டி என்றால் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். இருப்புநிலைக் குறிப்பில் தேட வேண்டியது பொது நிதியும் மூலநிதியும் சேர்ந்து எவ்வளவு என்பது. அதை வருடச் சம்பளச் செலவால் வகுத்து 12ஆல் பெருக்கினால், எந்தத் திட்டப் பணமும் வராவிட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்துவிடும். சம்பளச் செலவு 2 கோடி, பொது நிதியும் மூலநிதியும் 50 லட்சம் என்றால் மூன்று மாதம். பக்கத்திலேயே 'செலவழியாத மானியம்' என்று 3 கோடி இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது வேறு வேலைக்கென்று கட்டிவைத்த பணம்.

மூன்று மாத இருப்பைப் பார்த்து நிர்வாகத்தைத் திட்டவும் வேண்டாம். வரிவிலக்கு பெற, வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் விதி. மீதி 15 சதவீதத்தைத்தான் நிபந்தனையில்லாமல் சேர்த்துவைக்கலாம். அதிலும் திட்ட மானியம் சேமிக்க விடாது. ஆறு மாத இருப்பு வைத்திருக்கும் நிறுவனம் பல வருடம் பல்லைக் கடித்துச் சேர்த்திருக்கிறது என்று பொருள்.

ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களையும் புரட்டுங்கள். தொண்டு நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் கிரெடிபிலிட்டி அலையன்ஸ் அமைப்பின் நெறிமுறையை ஏற்ற நிறுவனங்கள், எந்தச் சம்பள அடுக்கில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று ஒரு பட்டியலும், மிக அதிகம் வாங்கும் மூவர், மிகக் குறைவாக வாங்குபவர் சம்பளமும் போடும். முகப்பில் சிரிக்கும் பெண் களப் பணியாளரின் படத்தைவிட அந்தப் பட்டியல் அதிகம் சொல்லும். கீழ் இரண்டு அடுக்கும் பெண்கள், மேல் இரண்டு அடுக்கும் ஆண்கள் என்றிருக்கும் 'மகளிர் மேம்பாட்டு' நிறுவனங்கள் இங்கே அபூர்வம் அல்ல.

குடும்ப டிரஸ்டுகளைக் கண்டுபிடிப்பது தமிழ்நாட்டில் கொஞ்சம் கஷ்டம். வடக்கே குடும்பப் பெயரை வைத்து ஊகித்துவிடலாம். நமக்கு இனிஷியல்தான். அறங்காவலர் இருவருக்கு ஒரே இனிஷியல் என்றால் அண்ணன் தம்பியாக இருக்கலாம், ஒருவர் பெயரின் முதலெழுத்தே இன்னொருவர் இனிஷியல் என்றால் தந்தை மகனாகவோ கணவன் மனைவியாகவோ இருக்கலாம். குடும்பம் நடத்துவதே குற்றம் இல்லை. நல்ல முறையில் நடப்பவையும் உண்டு. உங்களுக்கு மேல் இருக்கும் நாற்காலி ஏற்கெனவே ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

களப் பணியாளரின் வண்டி

கள வேலை என்றால் சம்பளத்துக்கு அடுத்து பயணப்படியைக் கேளுங்கள். இதில் ஏமாறுபவர்கள் அதிகம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால், பெட்ரோலுக்கே 2,667 ரூபாய். 'மாதம் 2,000 நிலையான பெட்ரோல் அலவன்ஸ்' என்றால் ஆயில், டயர், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் முன்பே 667 ரூபாய் கைப்பணம் போகிறது. கிலோமீட்டர் கணக்கில் தருகிற நிறுவனத்தில் லாக்புக் எழுதும் தொல்லை உண்டு, ஆனால் மலைக் கிராமத்துக்கு இரண்டாம் முறை போகச் சொன்னால் தயங்காமல் போகலாம். உச்சவரம்பு இருக்கிறதா, எத்தனை நாளில் பில் பாஸ் ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டு மாத பில் நிலுவை என்றால் அதுவும் நீங்கள் தந்த கடன்.

சம்பளம் 21,000க்குள் என்றால் இஎஸ்ஐ வரும். ஊழியர் பங்கு 0.75 சதவீதம்தான். பணியின்போது நடக்கும் விபத்துக்கு அது பெரிய துணை. 21,000ஐத் தாண்டினால், நடப்பு ஆறு மாதச் சந்தா காலம் முடிந்ததும் அது நின்றுவிடும், அந்த இடத்தில் நிறுவனம் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பைக்கில் அலைகிறவருக்கு 22,000 ரூபாய்ச் சம்பளமும் காப்பீடு இல்லாத நிலையும் ஒரு சங்கடமான சேர்க்கை.

ஒப்பந்தத்தில், பேச்சில்

11 மாத ஒப்பந்தம் இந்தத் துறையின் பழைய பழக்கம். இப்போது அதற்குப் புதிய அர்த்தம் கிடைத்திருக்கிறது. பணிக்கொடைக்கு ஐந்து வருடத் தொடர்ச்சி வேண்டும் என்பது பொது விதி. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, குறித்த கால ஒப்பந்த ஊழியர் ஒரு வருடம் முடித்தாலே விகிதாசாரப் பணிக்கொடை உண்டு என்கிறது. எனவே 11 மாதம், ஒரு மாத இடைவெளி, மறுபடி 11 மாதம் என்று எழுதுகிற இடத்தில், அந்த இடைவெளி எதற்கு என்று கேளுங்கள். திட்டத்தின் காலம் அப்படி என்றால் திட்டத்தின் தேதிகளைக் காட்டுவார்கள். காட்ட முடியாவிட்டால் காரணம் வேறு.

பிஎஃபில் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து, ஒப்புக்கொண்ட மொத்தச் சம்பளத்திலிருந்தே 3,600 பிடிப்பவர்கள் உண்டு. நிறுவனத்தின் பங்கை ஊழியர் ஊதியத்தில் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. '30,000 என்பது கிராஸா, சிடிசியா?', அதாவது நிறுவனத்தின் பங்கு அதற்கு வெளியேயா உள்ளேயா என்ற ஒரே கேள்வி மாதம் 1,800 ரூபாய் பெறும்.

இதைவிட மோசமானது, முழுச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு அதில் ஒரு பங்கை 'நன்கொடையாக' ரொக்கத்தில் திரும்பக் கேட்பது. திட்ட அறிக்கையில் ஒரு தொகை, உண்மையில் ஒரு தொகை. அப்படிக் கேட்கிற இடத்தில் ரசீது கேட்டால் ரசீதும் வரலாம், வரிச்சலுகைச் சான்றும் கூட வரலாம். அதனால் அது விருப்ப நன்கொடை ஆகிவிடாது. நேர்காணலில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். முன்பு வேலை பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும். யாரைக் கேட்பது என்றால், திட்ட மேலாளரைவிட முன்னாள் கணக்காளர் மேல். மூன்று வருடத்தில் நான்கு கணக்காளர் மாறியிருந்தால் அதுவே பதில்.

'சேவை மனப்பான்மை வேண்டும்' என்ற வாக்கியம் எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள். மக்களோடு பழகுவதைப் பற்றிப் பேசும்போது வந்தால் சரி. விடுப்பு, சம்பளம், ஞாயிறு வேலைக்கு ஈட்டு விடுப்பு பற்றிக் கேட்கும்போது வந்தால், அது இல்லை என்பதற்கான மரியாதையான சொல்.

பெண்கள் கேட்க வேண்டிய கூடுதல் கேள்வி: உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினர் யார்? பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேராவது வேலை செய்யும் எந்த இடத்திலும் அத்தகைய புகாருக்கான குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். கம்பெனிகளின் குழுக்களுக்கு வெளி உறுப்பினரை அனுப்பிவைக்கிற தொண்டு நிறுவனங்களிலேயே சிலவற்றில் சொந்தக் குழு காகிதத்தில்தான் இருக்கும். பெயரை உடனே சொன்னால் குழு உயிரோடு இருக்கிறது. 'பார்த்துச் சொல்கிறோம்' என்றால் புரிந்துகொள்ளலாம். இரவு தங்கும் கள வேலை உள்ள இடங்களில் இது வெறும் சடங்குக் கேள்வி இல்லை.

சம்பளத்தின் ஊற்றைப் பற்றிய கேள்வியை எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்கள் இப்படிக் கேட்கலாம்: "சார், இந்தப் பதவி எந்தத் திட்டத்தின் பட்ஜெட்டில் வருகிறது, அந்தத் திட்டம் எந்த மாதம் முடிகிறது? நூறு சதவீதமும் அந்த ஒரே திட்டமா, இல்லை பிரித்து வருகிறதா?" இரண்டு திட்டங்களில் 60, 40 என்று பிரிந்திருந்தால் அது கெட்ட செய்தி அல்ல. ஒன்று நின்றாலும் மற்றதில் கால் இருக்கும். ஆனால் இரண்டிலும் நூறு நூறு என்று டைம்ஷீட்டில் எழுதச் சொல்கிற இடத்தில் கையெழுத்து உங்களுடையது என்பதை மறக்க வேண்டாம். தணிக்கையில் கேள்வி வந்தால் அந்தத் தாள்தான் மேஜைக்கு வரும்.

நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் விலக 60 நாள், 'நிதி நின்றால் உடனடியாக' அவர்கள் விலக்கலாம் என்று எழுதியிருந்தால், குறைந்தது 30 நாள் சம்பளம் தரும் வாக்கியம் ஒன்றைச் சேர்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இல்லை. திட்டம் முடிந்து வெளியேறும்போது அனுபவச் சான்றில் திட்டத்தின் பெயர் மட்டும் இல்லாமல் நீங்கள் கையாண்ட கிராமங்களின் எண்ணிக்கை, பட்ஜெட் தொகை, குழுவின் அளவு எழுதி வாங்குங்கள், அடுத்த இடத்தில் அதுதான் சம்பளத்தை உயர்த்தும். பிஎஃப் கணக்கில் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அலுவலகமே மூடிப்போய்ப் பதிய ஆளில்லாமல் இருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓடிபி வைத்து நீங்களே அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம்.